யாளிக் கதையில் வந்த பூசாரி

என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கும்போது பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு ஒரு நாடகம் எழுதினாள். அதில் வரும் பூசாரிக்குக் கட்ட என் வேட்டி ஒன்றைக் கேட்டாள். கொடுத்தேன். கோயில் கைமணியையும் கேட்டாள். அதைக் கொடுக்கவில்லை. மணி அம்மனுடையது, என் சொத்து இல்லை என்று சொன்னேன். அதற்குப் பிறகுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது, அந்தப் பூசாரி நாடகத்தில் என்ன செய்வார் என்று.

"ஊரை ஏமாத்துவாருப்பா. கடைசியில யாளி அவரத் தின்னுரும்" என்றாள்.

நான் பூசாரி. கொடைக்கானல் மலையில் இருக்கிற கவுஞ்சியில் எங்கள் அம்மன் கோயிலுக்கு எங்கள் வீட்டு ஆட்கள்தான் பூசை வைக்கிறோம். அதனால் என்னைப் பெரிய ஆளாக நினைத்துவிடாதீர்கள், பிள்ளைகளே. காலையில் ஒரு விளக்கு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு பூசை, வருசத்துக்கு ஒரு திருவிழா. மற்ற நேரமெல்லாம் காடுதான். பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு. எத்தனை தரம் கழுவினாலும் என் கையில் பூண்டு வாசம் போகாது. அந்தக் கையால்தான் திருநீறு கொடுப்பேன். யாரும் முகம் சுளித்ததில்லை. வாங்குகிற கையிலும் அதே வாசம்தான்.

அந்த வருசம் பூராவும் அவள் மாயக்கதைப் புத்தகங்களாகவே படித்தாள். டீச்சர் கொடைக்கானலிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். வரும்போதெல்லாம் பையில் ஏதாவது ஒரு புத்தகம் கொண்டுவந்து இவளிடம் கொடுப்பார். விதைப் பூண்டைக் கொத்துக் கொத்தாகக் கட்டி அடுப்புப் புகைக்கு மேலே தொங்கவிடும் காலம் அது. நானும் என் மனைவியும் கட்டிக்கொண்டிருப்போம், இவள் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பாள். இப்படித்தான் நானும் அந்தக் கதைகளைக் கேட்டேன். நான் பத்தாவது வரைதான் படித்தவன். பறக்கும் குதிரையும் பேசும் மரமும் எனக்குக் கொஞ்ச நாளில் பழகிவிட்டன. பூசாரிகள்தான் பழகவில்லை.

ஒரு கதையில் பூசாரி ராசாவுக்குப் பாலில் விசம் வைக்கிறார். இன்னொன்றில் கோயிலுக்கு அடியில் தங்கத்தைப் புதைத்துவிட்டு, மழை இல்லை என்று சனங்களை அழவிடுகிறார். வெளிநாட்டுக் கதையில் அது பாதிரியார், வேறொன்றில் மொட்டை அடித்த பிக்கு. உடுப்புதான் வேறு, செய்கிற வேலை ஒன்று. நல்லவர் ஒருத்தர்கூட இல்லையா என்று கேட்டேன். இருக்கார்ப்பா என்று பக்கத்தைப் புரட்டிக் காட்டினாள். மழையில் நனைந்து வருகிற இளவரசனுக்கு ஒரு துறவி கஞ்சி ஊற்றிக் கொடுத்து, வாள் எந்தக் குகையில் இருக்கிறது என்று சொல்கிறார். அடுத்த பக்கத்தில் அரக்கன் வந்து அவரைக் கொன்றுவிடுகிறான்.

"நல்ல பூசாரிக்கு ஆயுசு அரைப் பக்கம்தானா?" என்றேன்.

"அவர் நல்லவராவே இருந்தா கதை நகராதுல்லப்பா" என்றாள்.

என் மனைவி பூண்டைக் கட்டிக்கொண்டே, இந்த வீட்டிலும் பூசாரி நகரவில்லை, இன்னும் பாதி மூட்டை அப்படியே கெடக்கு என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இப்போது அவள் நாடகத்தைப் பற்றிச் சொல்கிறேன். டிராகனை வைத்து எல்லாரும் எழுதிவிட்டார்கள் என்று சொல்லி இவள் யாளியை எடுத்துக்கொண்டாள். கோயில் தூணில் செதுக்கியிருப்பார்களே, சிங்க முகமும் துதிக்கையுமாக, அந்த யாளி. மலைமேல் ஒரு ஏரி. அதற்குள் யாளி கிடக்கிறது. அது மூச்சு விட்டால்தான் ஊருக்கு மூடுபனி. கோபம் வந்தால் பனியைத் திரும்ப உள்ளே இழுக்காது. வெயில் படாமல் வெள்ளாமை எல்லாம் அழுகிப்போகும். யாளியோடு பேசத் தெரிந்த ஒரே ஆள் பூசாரி. அவர் யாளி கேட்டது என்று பொய் சொல்லி மூட்டை மூட்டையாக வாங்கித் தின்கிறார். கடைசியில் யாளி அவரைத் தின்கிறது. எனக்கே யாளியைப் பிடித்திருந்தது.

டீச்சர் படித்துவிட்டு, யாளி நன்றாக இருக்கிறது, பூசாரி மட்டும் அட்டையில் வெட்டி ஒட்டின மாதிரி இருக்கிறார் என்று சொல்லியிருக்கிறார். இந்த ஆளுக்கு என்னதான் வேணும், எதுக்கு இப்படிச் செய்கிறார் என்றும் கேட்டிருக்கிறார். பூசாரின்னா அப்படித்தானே டீச்சர் என்றாளாம். பூசாரியைச் சரி பண்ணிக் கொண்டுவா, இல்லாவிட்டால் நாடகம் வேண்டாம், வழக்கம்போல ஒரு டான்ஸ் வைத்துக்கொள்ளலாம் என்று டீச்சர் சொல்லிவிட்டார்.

யாளிக்குக் கேரட் சாக்குகளை ஏற்கெனவே தைத்துவிட்டார்கள். மேல்காட்டு அண்ணன் மகள் யாளிக்கு வால். அவள் என் மகளுக்கு உயிர்ச் சிநேகிதி. நாடகம் இல்லை என்றால் என்ன செய்வது என்று ரெண்டு பேரும் சோறுகூடச் சரியாகத் தின்னாமல் திரிந்தார்கள்.

அந்த மேல்காட்டு அண்ணனைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் காட்டுக்கு நேர் மேல் அடுக்கில் இருப்பது அவர் காடு. அவர் காட்டுக்குப் பாய்கிற தண்ணீர்தான் வழிந்து எங்களுக்கு வரும். என்னைவிட மூத்தவர். சொந்தம் இல்லை, ஆனால் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். நல்ல மனநிலையில் இருந்தால் என்னைத் தம்பி என்பார். கோபம் என்றால் பூசாரி என்பார். காலையில் அவர் கூப்பிடுகிற விதத்திலேயே அன்றைக்குத் தண்ணீர் எப்படி வரும் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

அவர் மனைவியை நான் அக்கா என்பேன்; என் மகளுக்கு அவர்கள் அத்தையும் மாமாவும். அக்காவுக்கு வயிற்றில் கட்டி. கொடைக்கானலில் டாக்டர் பார்த்துவிட்டு, மதுரைக்குக் கொண்டுபோய் ஆபரேசன் செய்ய வேண்டும், தள்ளிப்போடாதீர்கள் என்று சொல்லியிருந்தார். அண்ணனுக்குப் பயம். அவருடைய தகப்பனார் ஒரு காலத்தில் இதே மாதிரி மலை இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போனவர், துணி சுற்றித்தான் ஊர் திரும்பினார். அதனால் அண்ணன் அந்த வெள்ளிக்கிழமை பூசை முடிகிற நேரத்தில் அக்காவைக் கூட்டிக்கொண்டு, பூ கேட்க வந்தார்.

பூ கேட்பது தெரியாத பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். ஒரு சிவப்பு ரோஜா, ஒரு வெள்ளை ரோஜா. ரெண்டையும் தனித்தனியாகக் காகிதத்தில் மடித்து ஒரே மாதிரி ரெண்டு பொட்டலம் கட்டுவோம். அம்மன் காலடியில் வைத்துக் கேள்வியைச் சொல்லிவிட்டு, ஒரு சின்னப் பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் அம்மனுக்குச் சம்மதம். சிவப்பு வந்தால் வேண்டாம் என்று அர்த்தம். எந்தப் பொட்டலத்தில் எது என்று பூசாரிக்கே தெரியக் கூடாது. நான் ஒரே செய்தித்தாளில் படம் இல்லாத பக்கமாகப் பார்த்துக் கிழித்துக்கொள்வேன். கட்டி முடித்ததும் தாம்பாளத்தில் போட்டுக் கேட்க வந்தவர் கையிலேயே குலுக்கக் கொடுத்துவிடுவேன். கிணறு தோண்டலாமா, பெண் கொடுக்கலாமா, விதைப் பூண்டை இப்போதே ஊன்றலாமா என்று எல்லாவற்றுக்கும் கேட்பார்கள். எடுப்பது பெரும்பாலும் என் மகள்தான். விளையாடிக்கொண்டிருப்பாள், கூப்பிட்டால் ஓடி வந்து எடுத்துக் கொடுத்துவிட்டு மறுபடி ஓடிவிடுவாள்.

அன்றைக்கு அண்ணன் கேள்வியைச் சத்தமாகச் சொன்னார். இவளை மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போய் வயிற்றைக் கிழிக்கலாமா, இல்லை வீட்டிலேயே வைத்து நாட்டு மருந்து கொடுக்கலாமா, தாய் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றார். வந்த கேள்வியை மறுக்கும் பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. பொட்டலம் கட்டினேன். அண்ணன் குலுக்கிக் கொடுத்தார். கற்பூரம் ஏற்றினேன். அக்கா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றது.

என் மகளைக் கூப்பிட்டேன். ஓடி வரவில்லை, நடந்து வந்தாள். சிநேகிதியின் அம்மாவை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு குனிந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். நான் கையை நீட்டினேன். அவள் விடவில்லை.

"குடு தாயி" என்றேன்.

"செவப்பா இருந்தா, அத்தை போகக் கூடாதாப்பா?" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

அது வரைக்கும் நான் அப்படி யோசித்ததே இல்லை. கிணறு தோண்டாவிட்டால் ஒரு வருசம் பார்த்துக்கொள்ளலாம். இது அப்படியா? பிரித்தால் எனக்குத் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் உள்ளதைச் சொல்ல வேண்டும். அம்மன் முன்னால் நின்று சிவப்பை வெள்ளை என்று சொல்ல எனக்கு வாய் வராது. சிவப்பைச் சிவப்பு என்று சொன்னால் அக்கா வீட்டில்தான் கிடக்க வேண்டும். அதுவும் என் பிள்ளை எடுத்துக் கொடுத்த பூவால். நான் பொட்டலத்தை வாங்கினேன். பிரிக்காமல் அப்படியே என் மடியில் செருகிக்கொண்டேன்.

"அண்ணே, ஆஸ்பத்திரிக்குப் போகலாமா வேண்டாமான்னு அம்மன்கிட்டக் கேக்கக் கூடாது. என்னைக்குப் போகலாம்னு வேணும்னாக் கேளுங்க. அதுக்குப் பூவே வேணாம், நானே சொல்றேன். நாளைக்கு வெள்ளனே போங்க" என்றேன்.

அண்ணன் என்னையும் என் மடியையும் பார்த்தார். "பூசாரி, பிரிங்க" என்றார்.

"பிரிக்க மாட்டேண்ணே."

"கேட்டுட்டுப் பிரிக்காம வச்சா அம்மனுக்குக் கோவம் வரும்."

"வந்தா என்மேல வரட்டும். அதுக்குத்தான நடுவுல ஒருத்தன நிப்பாட்டி வச்சிருக்கீங்க" என்றேன். தைரியமாகச் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். சொல்லிக்கொண்டே மடியைப் பொத்தி ஒரு அடி பின்னால் நகர்ந்துவிட்டேன்.

அண்ணன் மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அக்கா தூணை விட்டுவிட்டு முன்னால் வந்தது.

"வண்டிக்குச் சொல்லுங்க. எனக்கு வலிக்குது" என்றது.

மறுநாள் விடியுமுன்னே ஜீப் கிளம்பிப் போனது. நான் ஓடைக்குப் போய் அந்தப் பொட்டலத்தைத் தண்ணீரில் விட்டேன். கேட்டு முடித்த பூவை ஓடையில் விடுவதுதான் வழக்கம். என் மகளும் கூட வந்தாள். இப்பப் பார்க்கலாம்ல, யாரும் இல்லையே என்றாள். பார்த்தால் தெரிந்துவிடும், நாளைக்கு யாராவது கேட்டால் சொல்ல வேண்டி வரும் என்றேன். பொட்டலம் ஒரு கல்லில் தட்டி, சுற்றி, கீழே போய்விட்டது. அவள் அது போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பயமாக இருந்ததா என்று கேட்டாள். இருந்தது என்றேன். அம்மனுக்கா, மாமாவுக்கா என்றாள். அந்த நேரத்தில் மாமாவுக்குத்தான் என்றேன். சிரித்தாள். வீட்டுக்கு வந்ததும் நாடகத்தில் பூசாரி வருகிற பக்கங்களைக் கிழித்து அடுப்பில் போட்டாள். அப்புறம் எழுத உட்கார்ந்துவிட்டாள்.

ஊரில் பேச்சு வந்தது. அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு உடுப்பு எடுக்க வந்த அண்ணன் டீக்கடையில் எல்லார் முன்னாலும் சொன்னாராம், பூவைப் பிரித்துச் சொல்வது பூசாரி சோலி, இவர் மடியில் கட்டிக்கொண்டு போகிறார், அப்புறம் என்ன பூசாரி என்று. அதற்குப் பிறகு கொஞ்ச நாள் என்னிடம் யாரும் பூ கேட்க வரவில்லை. கூக்கால் பக்கம் ஒரு கோயிலுக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தார்கள் என்று கேள்விப்பட்டேன். வருத்தமாகத்தான் இருந்தது. தலைமுறையாக எங்கள் வீட்டில் கேட்டது.

அக்கா ஆபரேசன் முடிந்து ஊருக்கு வந்தது. ஆள் இளைத்துப்போயிருந்தது. என் மனைவி கஞ்சி கொண்டுபோனபோது, மதுரையில் மனுசன் எப்படித்தான் அந்த வெக்கையில் இருக்கிறானோ என்று அதைப் பற்றியே பேசியதாம். அண்ணன் மட்டும் என்னோடு பேசவில்லை. காட்டில் நேருக்கு நேர் பார்த்தால் கேரட்டைப் பார்ப்பார். தண்ணீரை அடைக்கவில்லை. ஆனால் எப்போது திறப்பார் என்றும் சொல்லவில்லை. திடீரென்று தண்ணீர் வரும், நான் ஓடுவேன்.

புது நாடகத்தில் யாளி ஒரு கேள்வியோடு வருகிறது. ஊரில் ஒரு பெண் சீக்காகக் கிடக்கிறாள். மருந்து மலைக்கு அப்பால் இருக்கிறது. அவளைப் போகவிடுவதா வேண்டாமா என்பதைப் பூ சொல்லட்டும் என்கிறது யாளி. பூசாரி பொட்டலம் கட்டுகிறார். ஒரு பிள்ளை எடுக்கிறது. பூசாரி பிரிக்க மாட்டேன் என்கிறார். யாளி கோபத்தில் அவர்மேல் மூச்சை விடுகிறது. அவர் தலை முழுக்க உறைபனி படிந்து வெள்ளையாகிவிடுகிறது. அந்த நேரத்தில் பெண் மலையைத் தாண்டிப் போய்விடுகிறாள்.

டீச்சருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றச் சொன்னார். கடைசியில் பொட்டலத்தைப் பிரித்துக் காட்ட வேண்டும், பார்க்கிறவர்களுக்கு என்ன பூ என்று தெரியாவிட்டால் மனசு ஆறாது என்றார். இவள் முடியாது என்றாள். டீச்சரும் விடவில்லை. பிரித்துக் காட்டாவிட்டால் நாடகம் வேண்டாம், டான்ஸே இருக்கட்டும் என்கிற வரைக்கும் போய்விட்டது. "பிரிச்சுக் காட்டத்தான்னா பூசாரி எதுக்கு டீச்சர், யாளியே பிரிச்சுக்கும்ல" என்று இவள் கேட்டாளாம். அதற்கு டீச்சர், சரி உன் இஷ்டம், ஆனா சனங்க கத்துனா மேடையில நின்னு அழக் கூடாது என்றாராம்.

எனக்கு வேறு கவலை. ஊரே பார்க்கும். அண்ணனும் வருவார், அவர் மகள்தான் வால். அவரைக் கேலி பண்ணுகிற மாதிரி ஆகிவிட்டால் என்ன செய்வது? பூ வேண்டாம், கூழாங்கல் என்று மாற்றிவிடேன் என்று கேட்டுப் பார்த்தேன். இவள் போய் வாலிடம் கேட்டிருக்கிறாள். "எங்கம்மாதான் வந்துருச்சுல்ல. ஒண்ணும் மாத்தாத" என்று அந்தப் பிள்ளை சொல்லிவிட்டது.

பூசாரியாக யாரும் நடிக்க வரவில்லை. கடைசியில் என் மகளே என் வேட்டியைக் கட்டிக்கொண்டாள். இந்தத் தடவை கோயில் மணியைக் கேட்கவில்லை. அடுப்படியிலிருந்து பித்தளைத் தட்டும் கரண்டியும் எடுத்துப்போனாள்.

ஆண்டு விழாவைப் பனி இறங்குவதற்கு முன்னால் முடிக்க வேண்டும் என்று மத்தியானமே ஆரம்பித்தார்கள். பனி அதற்கு முன்பே வந்துவிட்டது. யாளிக்கு அது தோதாகப் போயிற்று. சாக்கு உடம்போடு அது உள்ளே வந்தபோது சின்னப் பிள்ளைகள் ரெண்டு பேர் நிசமாகவே அழுதார்கள். வால் ஒரு தரம் தடுக்கி விழுந்து தானே எழுந்துகொண்டது. அண்ணன் பின்னால் மதில் ஓரமாக நின்றார். நான் முன்னால் உட்கார்ந்திருந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

மேடையில் ஒரு பிள்ளை பொட்டலத்தை எடுத்து என் மகள் கையில் கொடுத்தது. அவள் அதை மடியில் செருகினாள். நான் செருகிய அதே பக்கம். யாளி பிரி என்றது. அவள் மாட்டேன் என்றாள். சனங்களில் யாரோ ஒருத்தர் பிரி பிரி என்று ஆரம்பித்தார். அப்புறம் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். வெளியூர் ஆட்கள், பையன்கள், கேரட் லாரி டிரைவர் எல்லாரும். கையைத் தட்டிக்கொண்டு, பிரி, பிரி. என் மகள் வாயைத் திறந்தாள். அவள் பேசியது யாருக்கும் கேட்கவில்லை. அவள் முகம் மாறுவது எனக்குத் தெரிந்தது. டீச்சர் ஓரத்திலிருந்து, பிரித்துவிடு என்று கையால் காட்டினார். இவள் கை மடிக்குப் போனது.

அப்போது பின்னாலிருந்து அண்ணன் குரல் வந்தது.

"ஏலே, சும்மா கெடங்கலே. அவங்க வீட்டுல பிரிக்க மாட்டாங்க."

விசயம் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். தெரியாதவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எப்படியோ சத்தம் அடங்கிவிட்டது. என் மகள் மடியிலிருந்து கையை எடுத்தாள்.

"கோவம் வந்தா என்மேல வரட்டும். அதுக்குத்தான் நடுவுல நிக்கிறேன்" என்றாள்.

யாளி ஊதியது. உள்ளே இருந்த பிள்ளை ஒரு கிண்ணம் அரிசி மாவை அப்படியே அவள் தலையில் கொட்டிவிட்டது. அவள் தும்மினாள், நிறுத்த முடியாமல் தும்மினாள். அந்தத் தும்மலுக்கு நடுவில் சீக்குப் பெண் மேடையைத் தாண்டி ஓடிப்போனாள். கடைசிக் காட்சியில் வெள்ளைத் தலையோடு பூசாரி காட்டில் உட்கார்ந்து பூண்டுக்குக் களை எடுக்கிறார். யாளி எட்டிப் பார்த்து, நீ இன்னும் இங்கதான் இருக்கியா என்கிறது. வெள்ளிக்கிழமை வா, பூசை இருக்கு என்கிறார் பூசாரி. அவ்வளவுதான் நாடகம்.

அந்தப் பூசாரி எந்தப் புத்தகத்திலிருந்து வந்தார் என்று பிள்ளைகள் பல பேர் கேட்டீர்கள், அதற்காகத்தான் இதை எழுதினேன். மாயக்கதை எழுதப் போகிறவர்கள் தங்கம் புதைக்கிற பூசாரியையும் எழுதுங்கள், அப்படியும் ஆட்கள் இருக்கிறார்கள். அவருக்கும் ஒரு காடும் கொஞ்சம் களையும் கொடுத்துப் பாருங்கள். என்ன செய்வார் என்று உங்களுக்கே தெரியாமல் போகும்.

விழா முடிந்து சனம் கலைந்தது. நான் என் மகளின் தலையில் மாவைத் தட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அண்ணன் தன் மகளின் இடுப்பிலிருந்து சாக்கு வாலை அவிழ்த்துக்கொண்டிருந்தார். முடிச்சு இறுகிக் கிடந்தது. பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தார். அவிழ்த்து முடித்து, சாக்கை உதறி மடித்துக்கொண்டே, என் பக்கம் பார்க்காமல் சொன்னார்.

"தம்பி, நாளைக்கு வெள்ளனே தண்ணி தெறக்கேன். வெரசா வந்துருங்க."

"சரிண்ணே" என்றேன்.